வா பெடல் காதைக் குத்தினால்: சுங்கை சிப்புட் பையன்கள் கேட்கும் கேள்விகள்

பகலில் செம்பனை ஆலையில் மோட்டாரும் பேனலும் பார்க்கிற வயர்மேன் நான். சனி, ஞாயிறு வந்தால் வீட்டுப் பின்கட்டில் கிட்டார், பெடல், ஆம்ப் என்று யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் லயங்கள் பாதி காலி. ஆட்கள் டவுனுக்கும் தாமான் குடியிருப்புகளுக்கும் வந்துவிட்டார்கள். ஆனாலும் மாரியம்மன் திருவிழா என்றால் எல்லாரும் தோட்டத்துக்கே திரும்பிவிடுவோம், ராத்திரி மேடையில் இசைக்குழு கட்டாயம் இருக்கும்.

போன வருடம் அப்படி ஒரு மேடை. பழைய டிஸ்கோ பாட்டுக்கு ஒரு தம்பி, காலால் ஆட்டிக் கிட்டார் சத்தத்தை மாற்றும் வா பெடலை மிதித்தான். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி முந்தானை நுனியைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டு, "அந்தப் பூனைய யாராச்சும் வெளிய விடுங்கப்பா" என்றார். மறுநாள் காலை அந்தப் பெடல் என் மேசையில் இருந்தது. திறந்து பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும் அதற்கு முன்னும் பின்னும் மற்றவர்களுக்குச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

வா பெடலுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? அது ஏன் காதைக் குத்த வேண்டும்?

உதட்டைக் குவித்து "ஊ" என்று தொடங்கி, அப்படியே வாயைத் திறந்து "ஆ" என்று முடியுங்கள். "உவா" என்று கேட்கும். தொண்டையிலிருந்து வரும் சத்தம் ஒன்றுதான். வாயின் வடிவம் மாற மாற அதில் வேறு வேறு பகுதி தூக்கலாகக் கேட்கிறது. பெடலும் இதையேதான் செய்கிறது. குறிப்பிட்ட ஓர் அலைவரிசையை மேடாகத் தூக்கிப் பிடிக்கும் ஃபில்டர் அது. குதிகால் பக்கம் இறங்கியிருந்தால் அந்த மேடு சுமார் 400 ஹெர்ட்ஸில் இருக்கும், விரல் பக்கம் முழுக்க அமுக்கினால் 2000 ஹெர்ட்ஸையும் தாண்டிப் போகும். நம் ஊர்க்காரன் பெயர் வைத்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக வைத்திருக்க மாட்டான்: கால் வைத்தால் "வா, வா" என்கிறது.

இந்தச் சர்க்யூட் 1966இல் அமெரிக்காவின் தாமஸ் ஆர்கன் கம்பெனியில் பிறந்தது. வாக்ஸ் ஆம்பில் மிட்ரேஞ்சை, அதாவது நடு அலைவரிசையை, தூக்கும் ஒரு சுவிட்ச் இருந்தது. அதற்குப் பதிலாகப் பொட்டென்ஷியோமீட்டரை, அதாவது திருகினால் மின்தடை கூடிக் குறையும் பாகத்தை, போட்டுப் பார்க்கும் வேலை பிராட் ப்ளங்கெட் என்ற இளம் எஞ்சினியரிடம் வந்தது. திருகும்போது வந்த சத்தம் பிடித்துப்போக, ஆர்கனின் வால்யூம் பெடல் கூட்டில் அதைப் பொருத்திவிட்டார்கள். 1967இல் அது கிளைட் மெக்காய் பெயரோடு கடைக்கு வந்தது. அவர் கிட்டார் வாசிப்பவர் அல்ல, ட்ரம்பெட்காரர். ட்ரம்பெட் வாயில் ம்யூட்டை மூடித் திறந்து அழவைப்பதில் பேர்போனவர்.

இனி காதுக்கு வருவோம். மனிதக் காதுக்கு 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான் கூர்மை அதிகம். பெடலை முழுக்க அமுக்கும்போது மேடு அந்த எல்லையில் போய் நிற்கிறது. அந்த இடத்தில் உங்கள் சத்தம் ஏற்கெனவே கரடுமுரடாக இருந்தால், பெடல் அதைப் பல மடங்காக்கிக் காட்டிவிடும். அதனால்தான் யார் பெடலைக் கொண்டுவந்தாலும், அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்கிறேன்.

அண்ணே, எங்கிருந்து ஆரம்பிக்கிறது? நேரா ஸ்க்ரூவக் கழட்டிடலாமா?

வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் கடைசியில்தான் வர வேண்டும்.

கிட்டாரை ஒரே கேபிளில் நேராக ஆம்பில் செருகி இரண்டு நிமிடம் வாசியுங்கள். அந்தச் சத்தத்தை மனதில் வைத்துக்கொண்டு, நடுவில் வா பெடலை மட்டும் சேருங்கள், ஆனால் போடாதீர்கள். சத்தம் மங்கியதா, அப்படியே இருக்கிறதா? பிறகு பெடலைப் போட்டு, குதிகாலிலிருந்து விரல் வரை மெதுவாக, பத்து எண்ணும் நேரத்துக்கு நகர்த்துங்கள். குத்தல் எந்த இடத்தில் தொடங்குகிறது? வழி நெடுகவா, கடைசி கால்வாசியில் மட்டுமா? மற்றப் பெடல்களை இதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்தபோது கெட்டதோ அதுதான் சந்தேகப் புள்ளி. பையன்கள் பெரும்பாலும் ஆறு பெடலையும் கோர்த்துவைத்துக்கொண்டு, வாவை மிதித்ததும் குத்துகிறது என்று வாவின் மேல் பழி போடுகிறார்கள்.

வீட்டுல வாசிச்சா அருமையா இருக்கு. கோயில் மேடையில மட்டும் தகரம் தட்டுற மாதிரி கேக்குது. ஏன்?

முந்தானையைக் காதில் வைத்த பாட்டியின் கதை இதுதான். அந்தத் தம்பி ஆம்பை எடுத்துப் போகவில்லை. லோரியில் இடமில்லை என்று பெடலிலிருந்து கேபிளை நேராக மிக்சரில் செருகிவிட்டான்.

கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே பேசாது. அது குறை இல்லை, கிட்டாரின் சத்தமே அப்படித்தான் உருவாகியிருக்கிறது. சத்தத்தை வேண்டுமென்றே கரடுமுரடாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் கக்குகிற முள்ளையெல்லாம் அந்தக் காகிதக் கோன் வடிகட்டிவிடுகிறது. மேடைப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் பெரிய ஸ்பீக்கர்களில் உள்ள ஹார்ன் அப்படி இல்லை. அது 15000 ஹெர்ட்ஸ் வரை ஒன்றையும் விடாமல் பேசும். வடிகட்டாத டீயைக் குடித்த மாதிரி, தூளெல்லாம் வாயில் வந்து நிற்கும். அதன்மேல் வா பெடலின் மேடும் ஏறினால் பாட்டி என்ன செய்வார்?

ஆம்பைக் கொண்டுபோய் அதன் முன் மைக் வைப்பதுதான் முறையான வழி. மைக்கை ஸ்பீக்கரின் நடு மையத்துக்கு நேராக வைக்காமல், கோனின் ஓரத்தை நோக்கி இரண்டு மூன்று விரல் தள்ளிவைத்தால் கூர்மை இன்னும் குறையும். ஆம்பைத் தூக்க வழியில்லை என்றால், ஸ்பீக்கர் பெட்டி மாதிரியே வடிகட்டும் கேப் சிமுலேட்டர் பெடல் ஒன்றைக் கடைசியில் போடுங்கள். மல்டி எஃபெக்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அது உள்ளேயே இருக்கும். வீட்டில் ஆம்பில் வாசிக்கும்போது அணைத்துவைத்து, மேடையில் போட மறந்துவிடுகிறார்கள்.

இரண்டும் இல்லாத நெருக்கடியில் சவுண்டு சிஸ்டம்காரரிடம் போய், கிட்டார் சேனலில் 3000 ஹெர்ட்ஸைச் சுற்றி 4 முதல் 6 டெசிபல் குறைக்கச் சொல்லுங்கள். அவர் "ஹை" குமிழை மட்டும் திருகிவிட்டு, முடிஞ்சிருச்சுலா என்பார். பல மிக்சர்களில் அந்தக் குமிழ் 12000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்யும். நமக்கு வலி இருக்கும் இடம் அதற்குக் கீழே. மிட் குமிழின் பக்கத்தில் அலைவரிசையை நகர்த்தும் இன்னொரு குமிழ் இருந்தால், அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள், அண்ணே என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க உங்கள் சத்தம் அவர் கையில்.

ஆம்பில்தான் வாசிக்கிறேன். எனக்கு இதமாகக் கேட்கிறது, எதிரே இருப்பவர்கள் மட்டும் திட்டுகிறார்கள்.

ஆம்ப் உங்கள் முட்டிக்குப் பின்னால் தரையில் இருக்கும், காது ஐந்தடி உயரத்தில். ஸ்பீக்கரிலிருந்து வரும் உயர் அலைவரிசைச் சத்தம் டார்ச் லைட் போல நேர்கோட்டில் போகும். அந்த வெளிச்சம் உங்கள் கால்சட்டையைத் தாண்டி நேராக முன் வரிசைக்குப் போகிறது. மங்கலாக இருக்கிறதே என்று நீங்கள் ட்ரெபிளை, அதாவது உயர் அலைவரிசைக் குமிழை, கூட்டக் கூட்ட அவர்களுக்குத்தான் அடி. ஆம்பை நாற்காலிமேல் ஏற்றுங்கள், இல்லை ஒரு கட்டையைக் கொடுத்துப் பின்பக்கம் சாய்த்து உங்கள் காதைப் பார்க்க வையுங்கள். அப்புறம் நீங்களே ட்ரெபிளைக் குறைத்துவிடுவீர்கள்.

பெடலை அணைத்தால் சத்தம் மந்தமாகிறது, போட்டால் குத்துகிறது. ஒரே பெடலுக்கு இரண்டு வியாதியா?

இரண்டும் ஒன்றுதான். பழைய வடிவ வா பெடல்களில் கால் சுவிட்ச் வெளியே போகும் கம்பியை மட்டும்தான் மாற்றும். அணைத்த பிறகும் கிட்டாரின் சிக்னலில் ஒரு பங்கு சர்க்யூட்டின் வாசலில் இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஆம்பின் இன்புட் வழக்கமாக 1 மெகா ஓம். அந்தப் பழைய சர்க்யூட்டின் வாசல் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் வரும். அவ்வளவு தாழ்ந்த வாசலைச் சுமக்க முடியாமல் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து வரும் உயர் அலைவரிசைகள் செத்துப்போகின்றன. குழாயில் எங்கோ ஒழுகினால் மாடியில் தண்ணீர் ஏறாத மாதிரி.

உங்களுக்கு அது தெரியாது. சத்தம் மந்தமாக இருக்கிறதே என்று ஆம்பில் ட்ரெபிளை 5லிருந்து 8க்கு ஏற்றுகிறீர்கள், ப்ரெசன்ஸையும் கூட்டுகிறீர்கள். அணைத்த நிலையில் சரியாகிவிட்டது. இப்போது வாவைப் போட்டால்? அதன் மேட்டுக்குப் பின்னால் நீங்கள் கூட்டிவைத்த அத்தனை ட்ரெபிளும் காத்திருக்கிறது.

சோதிப்பது சுலபம். பெடலைக் கழற்றிவிட்டு நேராகச் செருகும்போது ஆம்ப் திடீரென்று பிரகாசமாகிவிட்டால் இதுதான் காரணம். வாசலிலேயே பஃபர், அதாவது சிக்னலை இழுபடாமல் காத்து அனுப்பும் சிறு சர்க்யூட், வைத்த பெடல்களில் இந்தத் தொல்லை குறைவு. மற்றவற்றில் ஆறு கால், ஒன்பது கால் சுவிட்ச் போட்டு, அணைத்ததும் சர்க்யூட்டை முழுக்க விலக்கிவிடலாம். ட்ரூ பைபாஸ் என்பார்கள். நானே பலருக்குச் செய்துகொடுத்திருக்கிறேன். ஆனால் ஒன்று: உள்ளே வரும் கம்பியையும் வெளியே போகும் கம்பியையும் அழகுக்காகச் சேர்த்துக் கட்டாதீர்கள். என் முதல் வேலையில் அப்படிக் கட்டி, விரல் பக்கம் அமுக்கினால் விசில் அடித்தது. இரண்டையும் பிரித்து ஆளுக்கொரு ஓரமாகக் கொண்டுபோனதும் அடங்கிவிட்டது.

முக்கால்வாசி வரைக்கும் இனிமை. கடைசி அமுக்கலில் மட்டும் ஊசி குத்துவது போல் இருக்கிறது.

வருகிற பெடல்களில் எனக்குப் பிடித்த வேலை இது. பணம் செலவில்லை, ஈயம் உருக்க வேண்டியதில்லை, பத்து நிமிடத்தில் முடியும்.

பெடலைக் கவிழ்த்து, நான்கு ரப்பர் காலோடு வரும் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் அடித்தகடு வந்துவிடும். மிதிபலகையிலிருந்து பல் வைத்த பிளாஸ்டிக் பட்டை ஒன்று உள்ளே இறங்கி, பொட்டென்ஷியோமீட்டரின் தலையில் இருக்கும் சிறு பல்சக்கரத்தைச் சுற்றுவதைப் பார்க்கலாம். நீங்கள் மிதிப்பது அந்தச் சக்கரத்தைத்தான். எந்தப் பல் எந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் மேடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பது தீர்மானமாகிறது.

முதலில் மார்க்கர் பேனாவால் பட்டையிலும் சக்கரத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். திரும்ப பழையபடி வைக்க வேண்டியிருந்தால் அதுதான் அடையாளம். பொட்டென்ஷியோமீட்டரைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, பட்டையிலிருந்து சக்கரம் விலகும் அளவுக்கு நகர்த்துங்கள். முழு அமுக்கலில் பொட்டென்ஷியோமீட்டர் கடைசி வரை போகாதபடி, குதிகால் திசையில் ஒரே ஒரு பல் திருப்புங்கள். திரும்பச் சேர்த்து, நட்டை இறுக்கி, வாசித்துப் பாருங்கள். இன்னும் குத்தினால் இன்னொரு பல். மூன்றுக்கு மேல் நான் போனதில்லை. அதற்கு மேல் போனால் "வா"வில் "ஆ" இல்லாமல் வெறும் "வூ" மிஞ்சும்.

இரண்டு பக்கமும் கையால் மெதுவாக அமுக்கிச் சரிபாருங்கள். குதிகால் பக்கம் பலகை தரையைத் தொடுவதற்கு முன் பொட்டென்ஷியோமீட்டர் முட்டி நின்றால், ஒரு பல் விட்டுக்கொடுக்க வேண்டும். அதைப் பார்க்காமல் மேடையில் உடம்பு எடை முழுவதையும் போட்டு மிதித்தால் பல் உடையும்.

சக்கரத்தைத் தொடவே பயமா? விரல் பக்கப் பலகைக்கு அடியில் இருக்கும் மெத்தைத் துண்டின் மேல் இன்னொரு துண்டு ஒட்டுங்கள். பலகை அவ்வளவு தூரம் இறங்காது. கால் சுவிட்ச் எட்டவில்லை என்றால் அதன் நட்டைத் திருகிச் சற்று உயர்த்திக்கொள்ளலாம்.

வாவை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

முன்னால் வைத்தால் வா தூக்கிப் பிடித்த மேட்டை டிஸ்டார்ஷன் நசுக்கிச் சமப்படுத்தும். மனிதக் குரல் போல், அடக்கமாகக் கேட்கும். பின்னால் வைத்தால் டிஸ்டார்ஷன் உண்டாக்கிய முள்ளின் மேலேயே வா ஊர்ந்துபோகும். சின்தசைசர் மாதிரி பெரிய அலையாகக் கேட்கும், குத்தலும் அதிகம். எனக்கு முன்னால் வைப்பதுதான் பிடிக்கும். பின்னால் வைத்துப் பிரமாதமாக வாசிப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் டிஸ்டார்ஷனின் டோனைப் பாதியாகக் குறைத்துவைத்திருப்பார்கள்.

டிஸ்டார்ஷன் வகையில் பழைய பாணி ஃபஸ் பெடல் மட்டும் தனி ரகம். இரண்டு டிரான்சிஸ்டர் ஃபஸ்ஸின் வாசல் மிகத் தாழ்வு, சில ஆயிரம் ஓம்தான். வாவுக்குப் பிறகு அதைச் செருகினால் வா தூக்கும் மேட்டையே அது விழுங்கிவிடும். கால் ஆடும், சத்தம் ஆடாது, கடைசியில் மட்டும் ஒரு கீச்சு. நடுவில் ஒரு பஃபர் போடுங்கள், அல்லது ஃபஸ்ஸை முதலில் வையுங்கள். கெட்டுப்போச்சு என்று என்னிடம் வந்த ஒரு பெடலுக்கு நான் செய்த ரிப்பேர், இரண்டு கேபிளை இடம் மாற்றிச் செருகியதுதான்.

மிதிக்கும்போது கரகர என்று சத்தம். பெடலை மாற்றிவிடலாமா?

நம் ஊர்க் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தோல் செருப்பை ஒரு வாரம் போடாமல் வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது. பொட்டென்ஷியோமீட்டருக்குள் இருப்பது கரிப் பூச்சு தடவிய ஒரு பட்டை. அதன் மேல் ஈரமும் தூசியும் படிந்து, ஊர்ந்துபோகும் உலோக விரல் அங்கங்கே துள்ளுகிறது. அந்தத் துள்ளல்தான் கரகர.

எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் வாங்குங்கள். மோட்டார் சங்கிலிக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். அது உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிட்டுத் தன் பிசுக்கை வைத்துவிட்டுப் போகும். முதல் வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டும். கிளீனரின் மெல்லிய குழாயைப் பொட்டென்ஷியோமீட்டரின் கால்கள் இருக்கும் இடுக்கில் வைத்து ஒரே ஒரு அழுத்து. பிறகு இருபது முப்பது தடவை முழு வீச்சில் மிதியுங்கள். கால் மணி நேரம் காயவிட்டுக் கேளுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் கரிப்பட்டை தேய்ந்திருக்கலாம், பொட்டென்ஷியோமீட்டரையே மாற்ற வேண்டும். பெரும்பாலான பெடல்களில் அது 100 கிலோ ஓம். ஆனால் வாவுக்கென்று செய்ததை வாங்குங்கள். சாதாரண வால்யூம் குமிழில் போடுவதைப் போட்டால் மாற்றம் முழுவதும் ஒரு மூலையில் குவிந்துவிடும். புதியது போட்டும் கரகர நிற்கவில்லையா? அப்போது அதன் இரு பக்கமும் இருக்கும் 0.22 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்களில் ஒன்று கசிந்து, நேர்மின்சாரம் பொட்டென்ஷியோமீட்டருக்குள் வருகிறது. அதை மாற்றினால் அமைதி.

ஒரு தடவை நான் கிளீனரை எடுத்துவைத்துக்கொண்டு மூடியைத் திறந்தால், உள்ளே சின்னச் சின்ன எறும்புகள் முட்டையோடு குடியிருந்தன. பாட்டரி இடத்தில் அரிசி மாதிரி வெள்ளையாகக் குவியல். பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டித் தள்ளினேன். பெடலில் வேறு கோளாறே இல்லை. பெடலைக் கட்டிலுக்கடியில் பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருந்தானாம்.

குத்தலோடு "ம்ம்ம்" என்று ஓர் உறுமலும் வருகிறது.

பாட்டரி போட்டுப் பாருங்கள். உறுமல் நின்றால் அடாப்டர்தான் குற்றவாளி. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் மலிவான அடாப்டர்கள் சில மின்சாரத்தைச் சரியாகச் சமன்படுத்துவதில்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் உறுமலாக வரும். பெடலுக்கு வேண்டியது 9 வோல்ட், பெரும்பாலும் நடுமுனை நெகட்டிவ். அடாப்டரின் முதுகில் இருக்கும் சின்னப் படத்தைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். டிஜிட்டல் டிலே பெடலோடு ஒரே கம்பியில் தொடுத்துக் கொடுத்தால் கொசு மாதிரி "ஙீ" என்ற சத்தமும் சேரும்.

பாட்டரியிலும் உறுமுகிறதா? வாவுக்குள் இருக்கும் இண்டக்டர் ஒரு கம்பிச் சுருள். ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மருக்கோ பவர் சப்ளைக்கோ பக்கத்தில் இருந்தால் காந்த அலையை அள்ளிக்கொள்ளும். பெடலை ஒரு முழம் தள்ளிவைத்துப் பாருங்கள்.

இங்கே கொஞ்சம் கடுமையாகப் பேசப் போகிறேன். உறுமலை நிறுத்த ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். உறுமல் நிற்கத்தான் செய்யும். அப்படிக் கழற்றிய ஆம்போடு ஒரு மேடையில் நான் வாசித்திருக்கிறேன், எனக்குத் தெரியாமல். லேசாகத் தூறல், ஜெனரேட்டர் மின்சாரம், மேடைத் தரை ஈரம். கோரஸ் பாட மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனபோது உதட்டில் பளீரென்று அடித்தது. இரண்டு நாள் உதடு மரத்துக் கிடந்தது. அத்தோடு போனது என் அதிர்ஷ்டம். தினமும் 415 வோல்ட் பேனலைத் திறக்கிறவன் சொல்கிறேன்: எர்த்தைக் கழற்றிய ஆம்பை நான் தொடுவதில்லை, முதலில் பிளக்கைச் சரிசெய்துவிட்டுத்தான் பேச்சு. அதேபோல வால்வ் ஆம்பைப் பையன்கள் யாரும் திறக்க வேண்டாம். சுவிட்சை அணைத்து வெகுநேரம் ஆன பிறகும் உள்ளே சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். 9 வோல்ட் பெடலைத் திறந்து என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

எல்லாம் பார்த்தாச்சு. சர்க்யூட்டிலேயே கை வைக்கணும்னா எதை மாத்துறது?

சால்டரிங் கை வரும் என்றால் மூன்று இடம் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக் கேளுங்கள்.

முதலாவது, ஸ்வீப் கெப்பாசிட்டர். 0.01 மைக்ரோ ஃபாரட், மேலே 103 என்று எழுதியிருக்கும். வழக்கமான 500 மில்லி ஹென்றி இண்டக்டரோடு இது சேர்ந்தால் ஒத்ததிர்வு சுமார் 2250 ஹெர்ட்ஸில் விழும். விரல் பக்க உச்சி அதுதான். அதை எடுத்துவிட்டு 153, அதாவது 0.015 போட்டால் உச்சி 1840 பக்கம் இறங்கும். 223, அதாவது 0.022 போட்டால் ஏறக்குறைய 1500. நான் பெரும்பாலும் 153இல் நின்றுவிடுவேன். 223 போட்டால் பேஸ் கிட்டார்க்காரர் சந்தோஷப்படுவார், நமக்குக் கொஞ்சம் தூக்கக் கலக்கமாக இருக்கும்.

இரண்டாவது, இண்டக்டரோடு இணையாக நிற்கும் 33 கிலோ ஓம் ரெசிஸ்டர். நான்கு பட்டை ரெசிஸ்டராக இருந்தால் தேடவே வேண்டாம், ஆரஞ்சு ஆரஞ்சு ஆரஞ்சு. மேடு எவ்வளவு செங்குத்து என்பதை இது முடிவுசெய்கிறது. 22 கிலோ ஓமாகக் குறைத்தால் மேடு அகன்று சரிவாகும், குத்தல் மழுங்கும். 47க்கு ஏற்றினால் இன்னும் செங்குத்தாகிக் குரல் மாதிரி ஆகும், குத்தலும் ஏறும். இணையத்தில் பார்த்து 100 போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

மூன்றாவது, முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரில் இருக்கும் 390 ஓம். 470 ஆக்கினால் மொத்த கெயின் கொஞ்சம் குறையும். பின்னால் இருக்கும் டிஸ்டார்ஷன் வெறிபிடிக்காமல் இருக்கும், ஆனால் அடிச்சத்தமும் சற்று மெலியும்.

இந்த மூன்றுக்கும் சேர்த்துப் பாகச் செலவு சில வெள்ளிதான். ஈப்போவில் கிடைக்காததை, கோலாலம்பூர் போகிறவர்களிடம் சொல்லி ஜாலான் பசார் கடைகளில் வாங்கிவரச் சொல்வேன். புதிய போர்டுகள் சிலவற்றில் பாகங்கள் எள் அளவுக்குத்தான் இருக்கும். அவற்றில் பழைய ஐயர்ன் வைத்துக் குடையாதீர்கள், தடமே பெயர்ந்துவிடும்.

இத்தாலிய இண்டக்டர் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

தீராது. நல்ல இண்டக்டருக்கு ஒரு மெருகு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் மேடையில் டிரம்ஸும் தப்பும் சேர்ந்து முழங்கும்போது அந்த மெருகை யார் பிரித்துக் கேட்கப் போகிறார்கள்? அந்தக் காசில் பாதிக்கு நல்ல அடாப்டரும் இரண்டு கேபிளும் வரும்.

பெடல், ஆம்ப் எல்லாம் சரிதான் என்கிறீர்கள். ஆனாலும் என் கையில்தான் குத்துகிறது.

கிட்டாரில் டோன் என்று ஒரு குமிழ் இருக்கிறது. பலர் அதை வாங்கிய நாளிலிருந்து 10இல் விட்டுவைத்திருக்கிறார்கள். அதை 7க்குக் கொண்டுவாருங்கள். ப்ரிட்ஜ் பிக்கப்பை விட்டு நடுவில் உள்ளதற்கோ கழுத்துப் பக்கம் உள்ளதற்கோ மாறுங்கள். ஒற்றைச் சுருள் ப்ரிட்ஜ் பிக்கப், புதுக் கம்பி, மெல்லிய பிக், முழு அமுக்கல் நான்கும் ஒன்றுசேர்ந்தால் எந்தப் பெடலாலும் காப்பாற்ற முடியாது.

கால் விஷயமும் உண்டு. புதிதாக வாங்கியவர்கள் தையல் மெஷின் மாதிரி முனைக்கு முனை மிதிக்கிறார்கள். "வக்கா வக்கா" என்ற ரிதத்துக்கு நடுவில் ஓர் அங்குலம் ஆடினால் போதும். லீட் வாசிக்கும்போது நீளமாக நிற்கும் ஸ்வரத்தில் மட்டும் மெல்லத் திறந்து, முழுதும் போகாமல் திரும்புங்கள். அந்தத் தம்பிக்கு நான் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் மிதிக்கச் சொன்னேன். கனத்த பூட்ஸில் பலகை எங்கே நிற்கிறது என்று காலுக்கே தெரிவதில்லை.

உங்களிடம் எப்போது கொண்டுவரலாம்?

ஞாயிறு காலை, பசியாறிவிட்டு வாருங்கள். சனிக்கிழமை சில வாரம் எனக்கு ஷிஃப்ட் இருக்கும். துடைக்கவும் பல் மாற்றவும் காசு வாங்குவதில்லை, பாகம் போட்டால் பாகத்தின் விலை. ஆனால் பெடலை மட்டும் கொண்டுவராதீர்கள். கிட்டார், கேபிள், அடாப்டர், முடிந்தால் ஆம்பும் கூடவே வர வேண்டும். என் ஆம்பில் எல்லாருடைய பெடலும் நன்றாகத்தான் கேட்கிறது. மூட்டை கட்டும்போது பெடலின் இன்புட்டிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், செருகியே வைத்தால் உள்ளே இருக்கும் பாட்டரி வந்து சேர்வதற்குள் தீர்ந்திருக்கும்.